வரவுப் பக்கம்

சஸ்காட்செவானில் எங்கள் ஊர் கோல்ஃப் மைதானத்தில்
கிரீன் என்பது பெயர்தான்.
பச்சை ஒரு துளி கிடையாது.
குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணல்.
ஆடி முடித்தவர்களே இழுவையை இழுத்து
சுவட்டை அழித்துவிட்டு நகர வேண்டும்.
மணலில் அழிக்கலாம்.
அட்டையில் முடியாது.
கூடவே தருகிற குட்டைப் பென்சிலின் தலையில்
ரப்பர் இல்லை.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு
பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு
புதன்கிழமைகளில் வருகிறேன்.
ஐம்பத்து மூன்று வயதில் தொடங்கிய ஆட்டம்.
மே மாதம் ஒன்பது குழிக்கு எழுபத்தெட்டு.
ஜூனில் தேறிவிட்டேன்:
எழுபத்தொன்பது.

இரண்டாம் குழியில் மட்டும் பன்னிரண்டு அடி.
பன்னிரண்டு அடியில் ஒரு பாட்டே முடிந்துவிடும்.
எனக்கு அந்தச் சேற்றுக் குட்டையே முடியவில்லை.
நான்கில் முடிக்க வேண்டியது என்று
அட்டையில் அச்சாகியிருக்கிறது.
யார் முடிக்க வேண்டியது என்று அச்சாகவில்லை.

போன வருடம் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறு பேர்.
மிஞ்சியவள் நான்.
ட்ரூடி தன் மட்டைகளைத்
தக்காளிச் செடிக்கு ஊன்றிவிட்டாள்.
நல்ல காய்ப்பு என்று கேள்வி.

மார்லிஸ் குவாம் கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதுபவள்.
ஒருநாள் என் அட்டையை வாங்கி
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினாள்.
"வெர்னா, இதென்ன கணக்கு?
முழுக்கச் செலவாகவே இருக்கிறதே.
வரவுப் பக்கம் எங்கே?"

அடுத்த புதன்
ரசீதுத் தாளின் பின்புறம்
நடுவே ஒரு கோடு கிழித்துக் கொண்டுவந்தாள்.
இடப்பக்கம் பழையபடி.
வலப்பக்கம், பந்து தரையை விட்டு எழுந்தால் ஒன்று,
குட்டையைத் தாண்டினால் இரண்டு,
யார் தொலைத்த பந்தானாலும்
புல்லுக்குள் துழாவி எடுத்தால் ஒன்று.
சிரித்துக்கொண்டே ஆடினால் உண்டா என்றேன்.
"அதெல்லாம் கிடையாது.
கணக்கென்றால் கணக்கு."

ஓரெஸ்ட் பாவ்லியுக், கோப்பையில் மூன்று முறை
பெயர் பொறித்தவர்,
காப்பிக் குவளையைத் தட்டென்று வைத்தார்.
"இன்றைக்கு இது. நாளைக்குக்
குழியையே தொட்டி அளவுக்கு வெட்டுவீர்கள்."
"உன் குழி உன் அளவிலேயே இருக்கட்டும், ஓரெஸ்ட்.
நான் ஒன்றையும் கழிக்கவில்லை.
விட்டுப்போனதைச் சேர்க்கிறேன்."
அவர் சமாதானமாகவில்லை.
அவர் பக்கமும் நியாயம் உண்டென்று
எனக்கே தோன்றும்,
ஏழாம் குழியில் அவர் பந்து
நூல் பிடித்தாற்போல் போகும்போது.

இந்தப் பருவத்தின் கடைசிப் புதன் நேற்று.
பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம்.
தூசியில் சூரியன் வெந்த சிவப்பு.
எனக்கு எழுபத்தாறு.
வரவு பதினொன்று.
அந்தப் பதினொன்றையும் நான்
ஒவ்வொன்றாகச் சொல்வேன், உட்கார நேரமிருந்தால்.
செலவைக் கேட்காதீர்கள்,
ஒன்றும் நினைவில்லை.

இரண்டாம் குழியில், அதே குட்டை,
ஐந்தாம் நம்பர் இரும்பு.
பேருந்துக் கதவு சரியாகப் பொருந்தி மூடும்போது வருமே,
அந்தச் சத்தம்.
கையில் அதிர்வே இல்லை.
வாத்துகள் தலை தூக்கின.
பந்து தண்ணீரைக் கடந்து
தாளடியில் விழுந்து மறைந்தது.
இரண்டு என்று எழுதிவிட்டுத் தேடப் போனேன்.
தேடினேன், தேடினேன்.

பின்னால் வந்த ஓரெஸ்ட்
குனிந்தார், முழங்கால் முறிகிற ஒலியோடு.
"உன்னுடையதுதானே?"
என்னிடம் எறிந்துவிட்டு
இருபது தப்படி நடந்தவர் நின்றார்.
திரும்பவில்லை.
குட்டையைப் பார்த்தபடி கேட்டார்:

"இதற்கு ஒன்று உண்டல்லவா?"